பட்டு வீடு என்றொரு வைஃபை

டாக்சிக்காரர்கள் அவளைக் குரலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்தைப் பார்த்தவன் அவர்களில் ஒருத்தனும் கிடையாது. ஊரின் எந்த மூலையிலிருந்து வண்டி கேட்டாலும் போனை எடுப்பது அவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டர் திரையில் பார்த்து, பக்கத்தில் இருப்பவனை அனுப்புவதும் அவள். கம்பெனியின் அலுவலகம் எங்கோ இருந்தது. அங்கே அவள் போனதே இல்லை. மாடி வீட்டின் நடு அறையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாசல் கதவுக்குத் தாழ், தாழுக்குப் பூட்டு, பூட்டுக்கு முட்டாக ஒரு நாற்காலி. குரல் மட்டும் ஊர் சுற்றும்.

அந்தக் குரலைக் கேட்டவர்கள் அவளைப் பெரிய ரௌடி என்று நினைத்திருப்பார்கள்.

"சார், வண்டி தெருமுனையில நிக்குது. நீங்க இன்னும் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டு இருக்கீங்க, அதான் லேட்டு" என்பாள் வாடிக்கையாளரிடம்.

"மீசையண்ணே, வலது பக்கம் திரும்புங்கன்னா வலது பக்கம்தான் திரும்பணும். டீக்கடை இடது பக்கம் இருக்குன்னு எனக்கும் தெரியும்" என்பாள் டிரைவரிடம்.

வாசலில் காலிங்பெல் அடித்துவிட்டால் மட்டும் இந்த வாயெல்லாம் எங்கே போகும் என்று தெரியாது. கூரியர்காரன் வந்தாலும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள். அவன் மூன்று தடவை அடித்துவிட்டு, பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போன பிறகுதான் மூச்சே விடுவாள்.

காரணம் அவள் புருஷன்.

கார்களுக்கு முன்கண்ணாடி மாட்டுகிறவன் அவன். வேனில் கண்ணாடிகளை அடுக்கிக்கொண்டு, கூப்பிட்ட வீட்டுக்கே போய் மாட்டிக் கொடுப்பான். வேலையில் சுத்தம். கண்ணாடியைப் பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்குவான். கட்டினவளை அப்படித் தொட்டதில்லை. வெளியே சத்தம் கேட்காமல் எப்படி அடிப்பது என்று தெரிந்தவன் அவன். அடித்து ஓய்ந்ததும் ஒத்தடமும் அவனே கொடுப்பான். வெளியில் பேச்சு மட்டும் வெல்லப்பாகு. அவன் பேசுவதைக் கேட்டு, "இவ்வளவு நல்ல மனுஷனை இவ என்ன பாடு படுத்துறாளோ" என்று இவளைத்தான் முறைத்தார்கள் அக்கம்பக்கத்தில்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு பகல் நேரத்தில், அவன் வேலைக்குப் போயிருந்தபோது, மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்தவள். அவன் அடிக்கடி சொன்ன ஒரு வார்த்தை கூடவே வந்துவிட்டது.

"பட்டுவைத் தூக்கிட்டு ஓடினா, நீ எங்க இருந்தாலும் தேடிக் கண்டுபிடிப்பேன். உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். அவளை மட்டும் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் அவ மூஞ்சிய நீ போட்டோவுலதான் பாக்கணும்."

பட்டு என்பது மகளைக் கூப்பிடுகிற பெயர். அடி விழும் என்ற பயம் பழகிவிட்டது அவளுக்கு. இந்தப் பயம் பழகவில்லை.

இந்த மாடி வீடு அமைந்ததும் ஒரு அதிர்ஷ்டம்தான். கீழே சைக்கிள் கடைக்காரரின் சாமான் கிடங்கு. ஆள் நடமாட்டம் கிடையாது. முன்னால் குடியிருந்தவர் ஆடிட்டர். ஒவ்வொரு அறைக்கும் சுவருக்குள்ளேயே இன்டர்நெட் கேபிள் இழுத்து, சுவரில் வெள்ளை வெள்ளையாகச் சொருகு வைத்துவிட்டுப் போயிருந்தார். குரலக்காவுக்கு அது பிடித்துப்போனது. ஒயரில் வருவது ஒயரிலேயே போய்விடும், சுவரைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்காது என்று நினைத்தாள். இன்டர்நெட் கம்பெனிக்காரன் கொண்டுவந்து மாட்டியதும் ஒயருக்கு மட்டுமான பெட்டிதான். அதோடு சேர்ந்த ஒரு வசதியை மட்டும் கேட்டு வாங்கிப் போனில் போட்டுக்கொண்டாள்: வீட்டு இன்டர்நெட்டில் புதிதாக எந்தக் கருவி ஒட்டினாலும் போன் டிங் என்று அடித்துச் சொல்லும்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பள்ளிக்கூடத்தில் டேப் கொடுக்கும் வரைக்கும். வீட்டுப் பாடம் முழுக்க இனி அதில்தான் என்றார்கள். அந்தச் சனியனுக்கு ஒயர் சொருக ஓட்டையே இல்லை.

பட்டு வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் லேட்டாக வர ஆரம்பித்தாள். ஒரு நாள் தேடிக்கொண்டு ஓடிய குரலக்கா, மெயின் ரோட்டுச் சலவைக்கடைப் படியில், போகிற வருகிற கால்களுக்கு நடுவில் மகள் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கடைக்காரர் நல்லவர், தன் வைஃபையைக் கொடுத்திருக்கிறார்.

"நடு ரோட்டுல உக்காந்திருக்கியேடி! எவனாவது பார்த்தா?"

"எவனாவதுன்னா யாரும்மா? அப்பான்னு சொல்லேன்" என்றாள் பட்டு. "நம்ம வீட்டுல வைஃபை இருந்தா நான் எதுக்கு இங்க வந்து உக்காரப் போறேன்?"

அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி பிரிட்ஜ் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் விட மாட்டான், திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்குரூ மிச்சம் வைக்காமலும் விட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு வந்தான். பையில் பழைய வைஃபை பெட்டி. அவள் கிளம்பி வந்த அன்று சாமான்களை வாரிப் போட்டுக்கொண்டு வந்தவனே அவன்தான். துணிமணியோடு அந்தப் பெட்டியும் வந்திருக்கிறது.

"புதுசு எதுக்குக்கா? இது கல்லு மாதிரி இருக்கு. கம்பெனிக்காரன் மாட்டின பெரிய பெட்டியிலருந்து வர்ற ஒயரை இதுல சொருகினா முடிஞ்சது வேலை."

பட்டுவின் அறையில் தெருவைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து, சுவரிலிருந்து கேபிளை எடுத்துச் சொருகினான். முடியவில்லை வேலை. வேலைக்கு உலை வைத்தது. நடு அறையில் குரலக்கா ஒரு வாடிக்கையாளரிடம் விலாசம் கேட்டுக்கொண்டிருந்தாள், பாதியில் அறுந்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்த டாக்சிகள் எல்லாம் அப்படியே நின்றன.

"டேய், என்னடா பண்ணித் தொலைச்சே? இங்க என் பொழப்பு போச்சு!"

"இரு அக்கா, இரு. இதுக்கும் அதுக்கும் சண்டை."

சண்டை இதுதான். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுத்து உள்ளே விடுவது பெரிய பெட்டியின் வேலை. பழைய பெட்டி ஒரு காலத்தில் அதுவே பெரிய பெட்டியாக இருந்தது. அந்தக் கர்வம் அதற்குப் போகவில்லை. வந்ததும் வராததுமாக அதுவும் எண் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு பேர் அதிகாரம் பண்ணினால் என்ன ஆகுமோ அது ஆனது. தம்பி வேர்த்து விறுவிறுத்து, எண் கொடுக்கிற வேலையைப் பழைய பெட்டியில் நிறுத்தினான். இரண்டுக்கும் ஒரே எண் இருந்தது. பழையதின் எண்ணை மாற்றினான். கேபிளைத் திரும்பச் சொருகினான். டாக்சிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. கரண்ட் போனால் பாடம் பாதியில் நிற்கக் கூடாது என்று, உள்ளங்கை அகல பேட்டரி ஒன்றையும் அதற்குப் பக்கத்தில் சேர்த்து வைத்தான்.

பட்டு டேப்பைத் திறந்தாள். "அம்மா! பாஸ்வேர்ட் கேக்கவே இல்ல! அதுவா உள்ள போயிடுச்சு! பழைய வீட்டு போன்ல இருந்ததெல்லாம், வைஃபை பாஸ்வேர்டோட, நான் இதுல ஏத்தி வச்சிருந்தேன்ல? பேரு கூட அப்படியே இருக்கு பாரேன்."

பட்டு வீடு. அதுதான் அந்த வைஃபையின் பெயர். அவள் அப்பன் வைத்தது. பெட்டி வாங்கி வந்த அன்று மகளை மடியில் உட்காரவைத்து, "என்ன பேரு வைக்கலாம் என் ராசாத்தி?" என்று கேட்டு வைத்தது. அவனுக்கும் நல்ல நாட்கள் இருந்தன. அதுதான் பெரிய தொல்லை.

குரலக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "பேரை மாத்திடேன்டா."

"ஐயோ வேணாம் மாமா" என்றாள் பட்டு.

"மாத்தினா எல்லாத்தையும் முதல்லருந்து பண்ணணும். இப்பத்தான் வழிக்கு வந்திருக்கு. பாஸ்வேர்ட் இருக்குக்கா, தெரியாதவன் எவனும் உள்ள வர முடியாது" என்றான் தம்பி.

தெரியாதவன் வர முடியாதுதான். தெரிந்தவனைப் பற்றி அந்த அறையில் இருந்த மூன்று தலைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

சில வாரம் நிம்மதியாகப் போயிற்று. பட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். சலவைக்கடைப் படி காலியாக இருந்தது.

அப்புறம் ஒரு மத்தியானம். பட்டு பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்சி கேட்டு ஒரு கல்யாணக் கூட்டமே போனில் கத்திக்கொண்டிருந்தது. குரலக்காவின் போன் டிங் என்றது. ஓரக்கண்ணால் பார்த்தாள்.

புதிய கருவி இணைந்துள்ளது: முதலாளி.

ஓட்டை வேன் ஒன்றைத் தவிர உலகத்தில் எதுவும் சொந்தமில்லாதவன், தன் போனுக்கு முதலாளி என்று பெயர் வைத்திருந்தான்.

ஒரு நிமிஷம் அவளுக்குக் காது அடைத்துவிட்டது. கல்யாணக் கூட்டத்தின் சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. பட்டுவின் டேப் தானாக உள்ளே போன மாதிரி, அவன் போனும் தானாக உள்ளே வந்திருக்கிறது. பழைய பெயர், பழைய பாஸ்வேர்ட். போன் என்னத்தைக் கண்டது? தெரிந்த வீடு என்று நுழைந்துவிட்டது.

அப்படியானால் அவன் இந்தத் தெருவில் நிற்கிறான்.

ஹெட்போனைக் கழற்றவும் தோன்றாமல், அதன் ஒயர் எட்டுகிற வரைக்கும் போய், கழற்றி வைத்துவிட்டு, பட்டுவின் அறைக்குள் முட்டி போட்டு ஊர்ந்தாள். திரைச்சீலையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினாள். எதிர்ச்சாரியில் பல் டாக்டர் வீட்டு வாசலில் அந்த வேன். டாக்டருடைய காரின் முன்கண்ணாடி இருந்த இடம் ஓவென்று திறந்து கிடந்தது. அவன் கறுப்புப் பசையைச் சுற்றிலும் பிதுக்கிக்கொண்டிருந்தான். வேன் கூரைமேல் வைத்த போனில் பாட்டு. அவள் வீட்டு இன்டர்நெட்டில்தான் அவன் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அவனுக்கு இன்னும் தெரியாது. வேலைக்கு வந்திருக்கிறான், அவ்வளவுதான். போனை எடுத்துப் பார்க்காத வரைக்கும் தெரியாது.

தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய். அவன் வந்திருக்கான். எதிர் வீட்டுல. நீ நேரா பள்ளிக்கூடத்துக்குப் போ. பட்டுவை வெளிய விடாதே. நான் சொல்ற வரைக்கும் அங்கயே இரு."

"யாரு? மச்சானா? எப்படிக்கா?"

"உன் பெட்டிதான் கூப்பிட்டு வச்சிருக்கு! பேரை மாத்துடான்னேனே!"

தம்பிக்கு விளங்க ஒரு மூச்சு ஆயிற்று. "ஐயோ அக்கா. அதைப் பிடுங்கிப் போடு. இப்பவே பிடுங்கு."

கையை நீட்டினாள். அதே நேரம் தெருவில் பாட்டு நின்று போன் மணி அடித்தது. யாரோ அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கையுறையைக் கழற்றி, எடுத்துப் பேசி, வைத்தான். வைத்தவன் திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தலையைத் தூக்கி, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொரு வீடாகப் பார்த்தான்.

சிரித்தான்.

பசைக் குழாயைக் கீழே வைத்துவிட்டு, புதுக் கண்ணாடியைத் தூக்கி அதன் இடத்தில் சும்மா பொருத்திவைத்துவிட்டு, போனைத் தட்டு ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். நாலு வீடு அந்தப் பக்கம் போனான். சிக்னல் கோடு குறைந்திருக்க வேண்டும். நின்றான். திரும்பினான். இந்தப் பக்கம் வந்தான்.

பெட்டியின் மேல் வைத்த கையை அவள் எடுத்துவிட்டாள். இப்போது பிடுங்கினால், இந்த ஜன்னல்களில் ஒன்றுக்குப் பின்னால் ஒருத்தி தன்னைப் பார்த்துக்கொண்டு நடுங்குகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். வீடு வீடாகத் தட்டுவான். அந்த வெல்லப்பாகுப் பேச்சைக் கேட்டு யாராவது கை காட்டிவிடுவார்கள். பிடுங்காவிட்டால், நேராக வந்து வாசலில் நிற்பான். இரண்டில் எதைச் செய்தாலும் பட்டு போனாள்.

பெட்டியின் பச்சை விளக்குகளைப் பார்த்தாள். பக்கத்தில் பேட்டரியைப் பார்த்தாள். இது நிற்க வேண்டாம். போகட்டும்.

ஊர்ந்து நடு அறைக்கு வந்து ஹெட்போனை மாட்டினாள். திரையில் பக்கத்தில் நின்ற வண்டி மீசையுடையது.

"மீசையண்ணே, கல்யாணக் கூட்டத்தை விடுங்க. என் வீட்டுக்கு வாங்க. பின்பக்கச் சந்து, நீலக் கதவு, பின்படி." வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டிரைவரிடம் தன் விலாசத்தைச் சொன்னாள்.

"என்னக்கா, உங்களுக்கே சவாரியா?"

"ஒரு பை. ஒண்ணும் கேக்காதீங்க அண்ணே. வாங்க."

கேபிளை மட்டும் உருவினாள். பெட்டியும் பேட்டரியும் ஒன்றாகக் காய்கறிப் பைக்குள் போயின. பேட்டரி இருந்ததால் விளக்குகள் அணையவில்லை, பட்டு வீடு என்ற பெயரும் காற்றில் போய்க்கொண்டுதான் இருந்தது. கீழே, ஜன்னலுக்கு நேர் அடியில், செருப்புச் சத்தம் நின்றது. "ம்ம்" என்று அவன் தனக்குத்தானே முனகியது கேட்டது. அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினாள். நின்றால் விழுந்துவிடுவோம் என்று பயம்.

மீசைக்கு மீசையே இல்லை. மழமழவென்று சிரைத்த, வயசான, தொப்பை மனுஷன். அவரும் அவளைப் பார்த்து ஒரு நொடி திகைத்தார். இவ்வளவு பெரிய குரலுக்கு இவ்வளவு சின்ன உடம்பா என்று நினைத்திருப்பார்.

"இதை முன்சீட்டுல வச்சுக்கிட்டு, எங்க தெரு வழியா மெதுவாப் போங்க. கண்ணாடி ஏத்துற வேன் ஒண்ணு பின்னாடி வரும். வரட்டும். விட்டுடவும் விட்டுடாதீங்க, பிடிபடவும் பிடிபடாதீங்க. பஸ் ஸ்டாண்டுல கூட்டத்துக்குள்ள போனதும் இந்த சுவிட்சை அமுக்கி அணைச்சிடுங்க. போனை மட்டும் என்கூட வெட்டாம வச்சிருங்க."

"நீங்களும் ஏறுங்களேன்."

தலையை ஆட்டினாள். அந்தப் பை போகிற வண்டியில் தானும் உட்கார்ந்தால், கையில் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மேலே ஓடி வந்து ஹெட்போனை மாட்டி, தன் பேச்சு வெளியே போகாமல் மியூட்டை அமுக்கினாள். அமுக்கியிருக்கிறதா என்று மறுபடி பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"தெருவுக்குள்ள வந்துட்டேன்" என்றார் மீசை காதில். "ஒருத்தன் போனை வச்சுக்கிட்டு உங்க வாசல்ல நிக்கிறான்... என் வண்டியைப் பாக்குறான்... போனைப் பாக்குறான். முனையில கொஞ்சம் நிக்கிறேன். நடந்து வர்றான்க்கா. வேகமா வர்றான். நான் கிளம்புறேன். ஓடுறான், வேன் பக்கம் ஓடுறான்!"

வெளியே வேன் உறுமியது அவளுக்கே கேட்டது. பல் டாக்டரின் கத்தலும் கேட்டது. "யோவ்! கண்ணாடி தொங்குதுய்யா! எங்கய்யா போறே?"

அதற்குப் பிறகு காதில் வெறும் ரோட்டுச் சத்தம். ஹாரன். மீசையின் இருமல். திரையில் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி பஸ் ஸ்டாண்டை நோக்கி ஊர்ந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பஸ் ஸ்டாண்டு. சுவிட்சை அமுக்கிட்டேன். வேனைக் குறுக்கே போட்டுட்டான். இறங்கி வர்றான்."

கதவுக் கண்ணாடி இறங்குகிற சத்தம்.

"அண்ணே, வணக்கம்ணே." அவன் குரல். இரண்டு வருஷம் கழித்து, அவள் காதுக்குள்ளே, கன்னத்தோடு கன்னம் வைத்துப் பேசுகிற மாதிரி. மியூட்டைப் பார்த்தாள். "உங்க வண்டியில ஒரு பொம்பளையும் ஒரு பொண்ணும் வந்தாங்களாண்ணே? என் வீட்டுக்காரிதான். சின்னக் கோவம், கிளம்பி வந்துட்டா. பெத்த பிள்ளையைப் பாக்காம ரெண்டு வருஷமா தூக்கம் இல்லண்ணே எனக்கு."

மீசை இருமுவது கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷனிடம் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. யார் துரத்துகிறான், எதற்குத் துரத்துகிறான், ஒன்றும். மீசையும் ஒரு ஆம்பளை. பெண்ணைப் பெற்றவர். பிள்ளையைப் பார்க்காமல் தூக்கம் இல்லை என்று ஒரு அப்பன் அழுதால் யாருக்கு மனசு இளகாது? இதோ சொல்லப் போகிறார். நீலக் கதவு, பின்படி.

"பாவம்தான்" என்றார் மீசை. "பிள்ளை பேரு என்ன?"

"பட்டுண்ணே."

"நல்ல பேரு. குடும்பம்னா நாலும் இருக்கும் தம்பி. எதுக்குக் கோவம்?"

குரலக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் சிரித்தான். ஆம்பளைக்கு ஆம்பளை பேசுகிற சிரிப்பு. "என்னத்தைச் சொல்றது? வாய்ண்ணே அவளுக்கு. அந்தக் குரலைக் கேட்டாலே நமக்குக் கை சும்மா இருக்குமா? வீட்டுக்கு வீடு நடக்கிறதுதானே. ரெண்டு தட்டு தட்டினேன். அதுக்குப் போய் இப்படி."

மீசையும் கூடச் சிரித்தார்.

"அட, அதுக்கா?" என்றார் மீசை. "சிவப்பு பஸ்ஸு தம்பி. ரெண்டு பேரும் ஏறினாங்க. பையைக்கூட என் வண்டியிலயே விட்டுட்டு ஓடுறாங்க, பாருங்களேன். இப்பத்தான் மேற்குப் பக்கமாப் போச்சு. பைபாஸ் ரோட்டுல விரட்டினா பிடிச்சிடலாம். நிக்காதீங்க, போங்க போங்க."

வேன் கதவு அறைந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. வெகு நேரம் பஸ் ஹாரன்கள் மட்டும் கேட்டன.

"அக்கா" என்றார் மீசை. "இருக்கீங்களா?"

மியூட்டை எடுக்க விரல் வரவில்லை. எடுத்த பிறகு குரல் வரவில்லை.

"சரி, பேச வேணாம். அந்தக் குரலை வச்சுத்தான் நான் என் வீட்டு அடுப்பு எரியவைக்கிறேன். அந்த நாய்க்கு என்ன தெரியும்? பையை அப்புறம் கொண்டாந்து தர்றேன்."

இத்தோடு முடிந்தது என்று யாராவது நினைத்தால், அவர்கள் பயந்து பிழைத்தவர்கள் இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்ததும் குரலக்காவுக்கு அடுத்த பயம் வந்து உட்கார்ந்தது. கண்ணாடி. பாதியில் விட்டுவிட்டுப் போன கண்ணாடி. சிவப்பு பஸ்ஸில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவன் திரும்பி இங்கேதான் வருவான். வேலையை முடிக்க என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, சாவகாசமாக, டாக்டர் வீட்டு வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டு.

திரைச்சீலையை விலக்கினாள். பல் டாக்டர் ஒரு கையால் சரிகிற கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் போனைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியைத் தள்ளினாள். பூட்டைத் திறந்தாள். தாழை எடுத்தாள். முன்படி வழியாக இறங்கி, பட்டப்பகலில், நட்டநடுத் தெருவைத் தாண்டி அவர் முன்னால் போய் நின்றாள்.

"அவனைக் கூப்பிடாதீங்க டாக்டர்."

"யாரும்மா நீங்க?"

"எதிர்ல மாடி வீடு. அவன் என் புருஷன். என்னை அடிப்பான். என் பொண்ணைத் தூக்கிட்டுப் போகத் தேடுறான். நாங்க இங்க இருக்கோம்னு அவனுக்குத் தெரியக் கூடாது. அவன் மறுபடி இந்தத் தெருவுக்கு வரக் கூடாது." மூச்சு விடாமல் சொன்னாள். இரண்டு வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாதது நாலு வரிதான் இருந்தது.

டாக்டர் விழித்தார். "குடும்ப விஷயம், இதுல நான் என்னம்மா... என் கண்ணாடி பாருங்க, பசை காயுறதுக்குள்ள அழுத்தலைன்னா..."

"ஏங்க." வாசல் கேட்டுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல். கையில் ஈரத் துண்டோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். "அந்த ஆளோட நம்பரை அழிங்க."

"அப்ப கண்ணாடி?"

"கண்ணாடி மாட்ட ஊர்ல வேற ஆளே இல்லையா? அவனே கூப்பிட்டா, வேற ஆள் வந்து முடிச்சிட்டான்னு நான் சொல்லிக்கிறேன். யாரையாவது தேடினா, இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத பொம்பளை எவளும் இல்லைன்னு சொல்லிக்கிறேன்." குரலக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்வளவு நாளா எதிர்ல இருக்கீங்க, மூஞ்சியே காட்டலையேம்மா. நான் பேய் வீடுன்னுல்ல நினைச்சேன்."

அதற்குச் சிரிப்பதா அழுவதா என்று குரலக்காவுக்குத் தெரியவில்லை.

"அப்புறம் பேசலாம், அப்புறம் பேசலாம்" என்று டாக்டர் அலறினார். "சரியுது! அந்தப் பக்கம் பிடிங்கம்மா!"

இரண்டு உள்ளங்கையையும் பதித்து, அவன் தூக்கி வைத்துவிட்டுப் போன கண்ணாடியை அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கறுப்புப் பசை விரலெல்லாம் அப்பியது. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஒரு தடவை மீன் வண்டி. ஒரு தடவை பள்ளி வேன். அடுத்த தடவை தம்பியின் ஸ்கூட்டர், அக்கா சொல்லும் வரைக்கும் பொறுக்காமல் கிளம்பி வந்துவிட்டான். பின்னால், அவன் முதுகைக் கட்டிக்கொண்டு பட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா தெருவில் நிற்பதைப் பார்த்து அவள் வாய் பிளந்தது.

"இறங்கி உள்ள போடி" என்றாள் குரலக்கா, கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல். "நான் இதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்ல."